எட்டடி பாடி, இரண்டு பெடல்

ஒரு கப் டீயை அப்படியே அவர் சட்டையில் கவிழ்த்தேன். எங்கள் அறிமுகம் அதுதான். தப்பு முழுக்க என்னுடையது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே நான் வேலை பார்த்த ஷோரூமுக்குள் நடந்து வந்தேன். அவர் பாட்டுக்கு ஓரமாக நின்று ஒரு பிக்கப் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அவர் சட்டையை உதறிவிட்டு, "நான்தான் நடவழியில நின்னுட்டேன் போல. பிள்ளைக்குக் கையில சூடு பட்டுட்டா?" என்றார். நக்கல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. தான் எங்கே நின்றோம் என்று தரையைப் பார்த்து நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

எது கெட்டுப் போனாலும் அவருக்கு முதல் சந்தேகம் தன் மேல்தான். வண்டிக் கதவு திறக்காவிட்டால், "நான் அமுக்குன அமுக்கு சரியில்ல" என்பார். ஆர்.சி.யில் அவருடைய அப்பா பெயரை எங்கள் ஆட்கள் தப்பாக அடித்து அனுப்பி, அது அப்படியே அச்சாகி வந்தது. "எனக்கு வாய்க்குள்ளயே பேசுத பழக்கம். டைப் அடிக்க பிள்ள என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு, அதைத் திருத்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்தார். மூன்றில் ஒரு நாள் அந்த ஆபீஸுக்கு லீவு. லீவு என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "காலண்டரப் பாத்துட்டுல்லா வந்திருக்கணும் நான்" என்றார்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அண்ணாச்சி, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன்.

அவர் சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்திலிருந்து படகில் போய், வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கி, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுப்பது தொழில். படகில் ஒருவர் இருந்து குழாயைப் பார்த்துக்கொள்வார்.

"தண்ணிக்குள்ள மூச்சு முட்டுதுன்னு வைங்க. மேல இருக்கவன ஏசிக்கிட்டு இருக்கலாமா? மொதல்ல என் குழா மடங்கியிருக்கான்னு நான் பாக்கணும். அவன ஏசி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்லா?" என்று சிரித்தார். "அப்படியே பழகிட்டு டீச்சர்."

நான் டீச்சர் இல்லை. எங்கள் வீட்டில்தான் எல்லாரும் டீச்சர். நாசரேத்தில் எங்கள் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு தலைமையாசிரியர் தலையில் விழும். அம்மா, அப்பா, இரண்டு அத்தைகள், அக்கா, எல்லாருமே சாக்பீஸ் பிடித்தவர்கள். நான் ஒருத்திதான் தூத்துக்குடிக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி, பிக்கப் வண்டி விற்கப் போனேன். டீ கொட்டிய அன்றைக்கே பேச்சு வாக்கில் இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார். கூடவே, யாரைக் கண்டாலும், "டீச்சர் வீட்டுப் பிள்ள, ஒரு வார்த்த கூடக் கொறையச் சொல்லாது" என்று எனக்கு நற்சாட்சிப் பத்திரம் வேறு.

அவரைப் பார்த்து நாலைந்து வருஷம் இருக்கும். நான் இப்போது வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறேன். ஆனால் சாலையில் எந்தப் பிக்கப் வண்டி என்னைக் கடந்தாலும், பின்னால் இருக்கும் பாடி எத்தனை அடி என்று கண் தானாக அளந்துவிடுகிறது.  ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட இல்லை. அம்மாவிடம்தான் சொல்லவே கூடாது.

டீ கொட்டிய அந்த நாளிலேயே அவர் வண்டியைப் பார்த்து முடித்தார். பார்த்த விதம் எனக்குப் புதிது. வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், எவ்வளவு எடை தாங்கும் என்பார்கள், பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். இவர் செருப்பைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, பின்பக்கப் பாடிக்குள் ஏறி மல்லாக்கப் படுத்துவிட்டார். கையைப் பக்கவாட்டில் ஒட்டி, காலை நீட்டி. ஷோரூமே திரும்பிப் பார்த்தது. மானேஜர் கண்ணாடி அறையிலிருந்து என்னை முறைத்தார்.

"நான் அஞ்சடி நாலு. எனக்குப் பத்துது" என்று படுத்தபடியே சொன்னார். "நம்ம நெட்டையனுக்குப் பத்தாது."

நெட்டையன் அவரோடு படகில் போகிறவர், தண்ணீருக்குள் அவருக்கு ஜோடி. ஆறடிக்கு மேல். நெட்டையன் எதற்கு வண்டிக்குப் பின்னால் படுக்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து, மற்ற ஆட்களுக்குக் கேட்காதபடி சொன்னார். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். கை கால் இழுத்துக்கொண்டுவிடும். அப்படி ஆன ஆளை நீட்டிப் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அதுவும் சீக்கிரம். ஆனால் கரையில் கிடைப்பதெல்லாம் ஷேர் ஆட்டோதான். ஆட்டோவில் ஒரு ஆளை மடக்கித்தான் வைக்க முடியும்.

"என்னைய மடக்கி வச்சுத்தான் கொண்டு போனானுவ" என்றார். பிறகு உடனே, "அவனுவளச் சொல்லக் கூடாது. நான்தான் அன்னைக்கு மேல வர அவசரப்பட்டேன்."

ஆக, அவருடைய கணக்கில் வண்டிக்கு இரண்டு வேலை. தினமும் மீன் ஏற்றி ஆழ்வார்திருநகரி, சாத்தான்குளம் பக்கம் கொண்டு போவது. என்றைக்காவது ஒரு நாள் ஒரு மனிதனை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டு போவது. அந்த என்றைக்காவதுக்காகத்தான் எட்டடி பாடி கேட்டார்.

அடுத்து கியர் பேச்சு வந்தது. "கிளச் இல்லாம ரெண்டு பெடலோட வருதாமே, அது எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓட்டப்போறது வேற ஆளு. அந்த ஆளுக்குக் கிளச் ஒத்துக்கிடாது."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். ஓட்டப்போவது அவர்தான், இடது கால் சரியில்லாததும் அவருக்குத்தான். உள்ளே நடந்து வந்தபோதே பார்த்துவிட்டேன். இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு நொடி பிந்தி வந்தது. தூத்துக்குடியில் ஒரு வருஷம் இருந்தாலே அந்த நடை பழகிவிடும். யாரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். சங்கு குளிக்கிறவன் காலைப் பற்றிக் கரையில் கேட்பதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும், பதில் தெரிந்தால் அப்புறம் எந்தப் படகும் அவனை ஏற்றாது. அதனால் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தெரியாத மாதிரி இருப்பார்கள். நானும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். மரியாதைக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது.

அன்றைக்கு எங்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, அவர் ஏறிப் படுத்த வண்டி, கிளச் இல்லாமல் இரண்டு பெடல். ஆனால் பாடி ஐந்தரை அடிதான். நெட்டையன் அதில் படுத்தால் பாதம் முழுக்க வெளியில் தொங்கும். மூலைக்கு மூலை படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டு மறுபடியும் ஏறிப் படுத்துப் பார்த்தார். அப்படிப் படுத்தால் ஆளைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார இடமில்லை. இன்னொன்று எட்டடி பாடி. ஆனால் கியர் வண்டி, மூன்று பெடல், கிளச்சோ கல்லு மாதிரி. அது ஷோரூமுக்குப் பின்னால் யார்டில் நாலு மாதமாக உப்புக் காற்றில் நின்றுகொண்டிருந்தது. அந்த மாதத்துக்குள் அதைத் தள்ளிவிட வேண்டும் என்று மானேஜர் தினமும் காலையில் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மாதம் முடிய இரண்டு நாள். நான் விற்க வேண்டிய கணக்கில் ஒரு வண்டி குறைந்தது. அந்த ஒன்று விற்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நாசரேத்துக்கு பஸ் ஏறி, "அதான் அன்றைக்கே பி.எட். படி என்றோமே" என்கிற வசனத்தைத் தெரு முழுக்கக் கேட்க வேண்டும்.

அவர் கேட்டார்: "ரெண்டு பெடல்ல எட்டடி வராதா டீச்சர்?"

வரும். கம்பெனிப் பட்டியலில் இருந்தது. முன்பதிவு செய்தால் பத்து வாரத்தில் வரும், ஆனால் அந்த மாதக் கணக்கில் சேராது. பட்டியல் என் மேஜையின் இரண்டாவது டிராயரில் இருந்தது.

"அதுல ஆட்டோமேட்டிக் வராது அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்கும் ஒரு வார்த்த உள்ள கேட்டுச் சொல்லுதியளா?"

உள்ளே போனேன். யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் நின்று ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். போன உடனே வந்தால் நம்பமாட்டார் என்று இரண்டாவது தம்ளரும் பிடித்துக் குடித்தேன். திரும்பி வந்து, "கேட்டுட்டேன் அண்ணாச்சி, வராதாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறு எங்கும் விசாரிக்கவில்லை. டீச்சர் வீட்டுப் பிள்ளை சொன்ன பிறகு எதற்கு விசாரிக்க வேண்டும்?

ஐந்தரை அடி இரண்டு பெடலா, எட்டடி மூன்று பெடலா என்று பத்து நிமிஷம் நின்றார். தன் காலுக்கா, நெட்டையன் நீளத்துக்கா என்றுதான் யோசித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையே இல்லாத ஒரு தேர்வை ஒரு மனிதன் கையில் கொடுத்துவிட்டு, அவன் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எட்டடியே இருக்கட்டும்" என்றார்.

ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தபோது, வேற ஆள் கதையை மறந்து அவரே சீட்டில் ஏறிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளச்சை மிதிக்கும்போது சிரமமில்லை. எடுக்கும்போதுதான். இடது கையால் முட்டிக்கு மேல் வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக் காலைத் தூக்கினார். பிறகு கியர், ஸ்டியரிங். பிறகு மறுபடியும் கால். "பழகிக்கிடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதைக் கேட்டதற்காக என் மேல் எனக்கே ஒரு திருப்தி. மனசாட்சி உள்ளவள் என்று காட்டிக்கொள்ள அந்த ஒரு கேள்வி. "பழகிரும் டீச்சர். காலு கொஞ்சம் தூங்குது, அம்புட்டுத்தான்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. அது தெரிந்து, பெரிய சீலா மீன் ஒன்றை ஐஸ் போட்டுக் கட்டி ஹாஸ்டல் வாசலில் கொண்டு வந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மா குழம்பு வைத்துவிட்டு, "இந்த மாதிரி மனுஷங்ககூட வேலை பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். தப்பு செய்தவர்களுக்குச் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு நன்றாக இறங்கியது. நடுத்துண்டம் இரண்டு தின்றேன்.

அதற்கப்புறம் அவரை அங்கங்கே சாலையில் பார்ப்பேன். ஒரு தடவை நாலாம் ரயில்வே கேட்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் என் ஸ்கூட்டர் நின்றது. கேட் திறந்து, வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஒவ்வொரு நகர்வுக்கும் அந்த இடது கை கீழே போய்க் காலைத் தூக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் நின்றவன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். இவர் தலையை வெளியே நீட்டி, "என்னாலதான் அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க" என்றார். என்னைப் பார்த்துவிட்டார். "டீச்சர்! வண்டி தங்கம்!" என்று கத்தினார். நான் கையை ஆட்டிவிட்டு, சந்து கிடைத்ததும் ஸ்கூட்டரை முன்னால் விட்டேன்.

வண்டி எடுத்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் இன்சூரன்ஸ் பேப்பரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முகம் வேறு யார் முகமோ மாதிரி இருந்தது.

முந்தின வாரம் நெட்டையனுக்கு ஆழத்திலிருந்து வந்ததும் உடம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. புன்னக்காயல் பக்கம் கரை சேர்ந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த இவருக்குப் போன் வந்து, வண்டியோடு போய், அந்த எட்டடியில் மெத்தை விரித்து, ஆறடி ஆளை நீட்டிப் படுக்க வைத்துவிட்டார். திருச்செந்தூர் சாலையில் தூத்துக்குடியை நோக்கி விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முத்தையாபுரம் பக்கத்தில் உப்பு லாரிகள் வரிசை கட்டி நின்றன. அரைமணி நேரம் அதற்குள் ஊர்ந்திருக்கிறார். கிளச்சை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு.

"காலு செத்துப் போச்சு டீச்சர். எனக்கே தெரியல. மிதிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். வழுக்கிட்டு. வண்டி துள்ளி முன்ன நின்ன லாரிக்குப் பின்னால சொருகிட்டு."

ரேடியேட்டர் உடைந்து வண்டி அங்கேயே நின்றுவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள் வேறு வண்டி வந்து நெட்டையனை மாற்றி ஏற்றிக்கொண்டு போக இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இரண்டு காலும் திரும்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். வலது கால் திரும்பிவிட்டது. இடது கால் வரவில்லை.

"என்னைய நம்பில்லா பின்னால படுத்துக் கெடந்தான்" என்றார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "என் காலு லெச்சணம் தெரிஞ்சும் நான் ஓட்டலாமா? வேற ஆளப் போட்டிருக்கணும். ஒருத்தன் காலப் போக்கிட்டேன் டீச்சர்."

அழுதார். அவ்வளவு வயசான ஆள் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாவது டிராயர் என் முட்டியை இடித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"நீங்க என்ன செய்விய? பழகிக்கிடலாமான்னு கேட்டியளே. நான்தான் முடியும்னு வீம்பாச் சொன்னேன்" என்று என் வாயை அடைத்துவிட்டார். அடைத்துவிட்டார் என்று எழுதுவதும் பொய்தான். அடைபடக் காத்திருந்த வாய் அது. பேப்பரை வாங்கி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன்.

இன்னும் ஒரு வருஷம் கழித்து, ஒரு முற்பகலில் இரண்டு பேராக வந்தார்கள். அவரும் நெட்டையனும். நெட்டையனை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கக்கத்தில் கட்டை, இடது கால் சும்மா கூட வந்தது. ஆள் உயரத்துக்குக் கதவில் குனிந்து வந்தார். இவர் முன்னால் ஓடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவன் ஒரு வண்டி எடுக்கணும்னு நிக்கான். வலது காலு நல்லா இருக்கு. மீன் லோடு அடிச்சாப் பொழச்சுக்கிடுவான்" என்றவர், நெட்டையன் பக்கம் திரும்பி, "நான் சொல்லல? இவியதான் டீச்சர். மத்த கடைக்காரன் மாதிரி இல்ல, உள்ளதச் சொல்லுவாவ" என்றார். பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ரெண்டு பெடல்ல எட்டடி, அப்பம் வராதுன்னிய. இப்பமும் வராதா டீச்சர்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வராது என்று சொன்னால் இந்த மனிதருக்கும் அதே கதி. வரும் என்று சொல்ல வேண்டும். முன்பும் வந்தது என்றும் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கலாம். என் வேலையை யாரும் பறித்திருக்கமாட்டார்கள். நான் அப்போது பழைய ஆள், மானேஜரே மாறிவிட்டார்.

"இப்ப வருது அண்ணாச்சி" என்றேன்.

"பாத்தியாலே!" என்று நெட்டையன் தோளில் அடித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒன் நேரம் நல்ல நேரம்லே!"

நெட்டையன் சிரிக்கவில்லை. கட்டையை மடியில் கிடத்திக்கொண்டு, "எப்பமிருந்து வருது?" என்று கேட்டார்.

 வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணாச்சி வண்டி எடுத்து ரெண்டு மூணு மாசத்துல வந்துட்டு."

அவருடைய சிரிப்பு நின்றது. மனசுக்குள் மாதங்களை எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு நெட்டையனின் இடது காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு மாசம்" என்றார். "ஏலே, ரெண்டே ரெண்டு மாசம் நான் பொறுத்திருந்தா ஒன் காலு ஒனக்கு இருந்திருக்கும்."

"விடு" என்றார் நெட்டையன்.

"இல்லலே. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." என் பக்கம் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "நான்தான அவசரப்பட்டேன், டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.